கடல் மீன் தொட்டிக்கு எந்த மணல்? – மணலில் புதையும் மீன் வளர்ப்போருக்கு விற்கும் வணிகர்கள் அறிய வேண்டிய பாடம்



அரிசியில் கல் பார்க்கிறோம். மிளகாயில் ஈரம் பார்க்கிறோம். மல்லியை உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்த்த பிறகுதான் விலை பேசுகிறோம். ஆனால் மீன் தொட்டிக்கு மணல் கேட்டு ஒருவர் வந்தால் மட்டும், "மணல்தானே" என்று கைக்குக் கிடைத்த மூட்டையைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். இந்தச் சரக்கிலும் ரகம் உண்டு, பருவெட்டு உண்டு, கலப்படம் உண்டு. சில மணலை விற்றால் வாடிக்கையாளரின் மீன் சாகும். சிலவற்றை விற்றால் நாமே சிறைக்குப் போக நேரும். ஆகவே இந்த இதழில் இதைப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

நான் மளிகை மொத்த வியாபாரம் செய்பவன். மீன் தொட்டிக் கடைகளுக்கு உப்புக் கலவை, மணல், தீனி ஆகியவற்றையும் மளிகையோடு சேர்த்து அனுப்பி வருகிறேன். படிப்பு பள்ளியோடு நின்றது. மீதியைச் சரக்குதான் கற்றுக் கொடுத்தது. பாடாலூர் போன்ற நெடுஞ்சாலை ஊர்களில் மளிகைக் கடையிலேயே மீன் தீனிப் பாக்கெட்டும், கலர் கல்லும் தொங்குவதைப் பார்க்கிறோம். நன்னீர்த் தொட்டி வைத்தவர்களில் சிலர் அடுத்ததாகக் கடல் நீர்த் தொட்டிக்குப் போகிறார்கள். அவர்கள் முதலில் கேட்பது பக்கத்துக் கடையில்தான். அப்போது நாம் சொல்லும் பதில் சரியாக இருக்க வேண்டும்.

மணலில் புதையும் மீன்கள்

மணலில் மீன் புதையுமா என்று கேட்பவர்கள் மீன் சந்தைக்குப் போய் வலைக்காரர்களைக் கேட்டால் போதும். கிழங்கான் மீன் வலையைக் கண்டதும் மணலுக்குள் பாய்ந்து மறையும். திருக்கை மணலை மேலே வாரிப் போட்டுக்கொண்டு கண் மட்டும் தெரியப் படுத்திருக்கும். நாக்கு மீனும் அப்படித்தான். தொட்டியில் வளர்க்கும் கடல் மீன்களிலும் இந்தப் பழக்கம் உள்ளவை உண்டு. வணிகர் தெரிந்துகொள்ள வேண்டியவை நான்கு வகை.

ஒன்று, ராஸ் என்னும் மீன்களில் சில வகை. இவை இரவானால் மணலுக்குள் நுழைந்து தூங்கும். பயந்தாலும் நுழையும். புதிதாக வாங்கி விட்ட ராஸ் முதல் சில நாட்கள் வெளியே வராமலே இருப்பதும் உண்டு. வாடிக்கையாளர் மீன் செத்துவிட்டது என்று மணலைக் கிளறி, உயிரோடு இருந்ததையும் காயப்படுத்திவிடுவார். பொறுத்திருக்கச் சொல்ல வேண்டியது நம் கடமை.

இரண்டு, ஜாஃபிஷ் என்னும் பெருவாய் மீன். இது வாயாலேயே மணலை அள்ளிக் கொட்டிக் கிணறு போலக் குழி தோண்டும். குழியின் சுவர் சரியாமல் இருக்கச் சிறு கல், கிளிஞ்சல் துண்டு ஆகியவற்றைப் பொறுக்கி வந்து அடுக்கும். கிணற்றுக்கு உறை இறக்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மிரண்டால் தொட்டியை விட்டே வெளியே குதிக்கும். மூடி அவசியம்.

மூன்று, கோபி மீன்கள். நம் ஊர் உளுவையின் இனம். இதில் ஒரு வகை, வெடி இறால் எனப்படும் சிறு இறாலோடு கூட்டுக் குடித்தனம் செய்யும். இறாலுக்குப் பார்வை குறைவு. அது வளையைத் தோண்டிப் பராமரிக்கும். மீன் வாசலில் நின்று காவல் காக்கும். இறால் தன் மீசையை மீனின் மேல் வைத்தபடியே வேலை செய்யும். மீன் அசைந்தால் ஆபத்து என்று உள்ளே போய்விடும். இன்னொரு வகைக் கோபி மணலை வாயில் அள்ளி, அதில் உள்ள சிறு உயிர்களைத் தின்றுவிட்டு, மணலைச் செவுள் வழியே கொட்டும். சல்லடையில் சலிப்பது போன்ற வேலை.

நான்கு, தோட்ட விலாங்கு. வாலை மணலில் நட்டு, பாதி உடலை வெளியே நீட்டிக் கூட்டமாக நிற்கும். மிக ஆழமான மணலும் அமைதியும் வேண்டும். இது காட்சிச் சாலைக்கு உரியது. வீட்டுத் தொட்டிக்கு ஆர்டர் எடுக்காமல் இருப்பதே நல்லது.

பருவெட்டு

மணலில் முதலில் பார்க்க வேண்டியது மணியின் அளவு. மில்லிமீட்டர் என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்காது. நம் கடைச் சரக்கைக் கொண்டே சொல்கிறேன். ரவை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். கசகசா ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். கேழ்வரகு ஒன்றரை. கடுகு ஒன்றரையிலிருந்து இரண்டு. மிளகு நான்கு, ஐந்து.

ராஸ் மீனுக்கு ரவைக்கும் கசகசாவுக்கும் இடைப்பட்ட மணல் பொருந்தும். மணலைச் சலிக்கும் கோபிக்கும் அதுவே; கடுகு அளவு மணி அதன் வாயிலும் செவுளிலும் சிக்கும். இறாலோடு வாழும் கோபிக்கு ரவை மணலோடு கேழ்வரகு, கடுகு அளவு மணிகளும், கொஞ்சம் சிறு கல்லும் கலந்திருந்தால் வளை நிற்கும். ஜாஃபிஷுக்குக் கட்டாயம் கலவைதான் வேண்டும். நைஸ் மணல் மட்டும் போட்டால் தோண்டத் தோண்டச் சரியும்; பருவெட்டு மட்டும் போட்டால் பிடிப்பே இருக்காது. கட்டடக் கலவையில் மணலும் ஜல்லியும் சேர்ந்தால்தான் பிடிக்கும் அல்லவா, அதே நியாயம்.

மிளகு அளவுக்கு மேற்பட்ட உடைகல்லை மணலில் புதையும் மீன் உள்ள தொட்டிக்குத் தனியாக விற்கக் கூடாது. மீன் வேகமாகத் தலையைக் கொண்டு நுழையும்போது வாயும் செதிலும் கிழியும். கிழிந்த இடத்தில் புண் வரும். மீன் ஏன் செத்தது என்று வாடிக்கையாளருக்குக் கடைசி வரை தெரியாது.

அளவோடு மணியின் முனையையும் பாருங்கள். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அழுத்தித் தேயுங்கள். உருண்டு ஓடினால் நல்லது. குத்தினால், கீறினால் வேண்டாம். கிளிஞ்சலை இடித்த தூளில் கத்தி போன்ற விளிம்புகள் இருக்கும். வெள்ளையாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது.

ஆழம்

ராஸ் மீனுக்கு மணல் 5 முதல் 8 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். அதாவது இரண்டு, மூன்று அங்குலம். மீன் பெரிதாக இருந்தால் மேல் அளவையே வைக்க வேண்டும். இறாலோடு வாழும் கோபிக்கு 8 முதல் 10 சென்டிமீட்டர். ஜாஃபிஷுக்கு 13 முதல் 18 சென்டிமீட்டர், அதாவது ஐந்து முதல் ஏழு அங்குலம்.

ஆழம் கூடினால் நல்லது என்று எல்லாத் தொட்டிக்கும் சொல்லிவிடக் கூடாது. ஆழத்தில் காற்றோட்டம் இல்லாத மணலில் கழிவு தேங்கினால் அழுகிய முட்டை வாடை அடிக்கும் வாயு உண்டாகும். மணல் கறுக்கும். அதை ஒரே நாளில் கிளறிவிட்டால் வாயு நீரில் கலந்து மீனைக் கொல்லும். ஆழமான மணல் போடுகிறவரிடம் இதை எச்சரித்து அனுப்புங்கள்.

கல்லின் தன்மை

கடல் நீர் காரத்தன்மை உடையது. பி.எச். அளவு 8.1 முதல் 8.4 வரை இருக்க வேண்டும். நாளாக நாளாகத் தொட்டி நீர் புளிப்புப் பக்கம் சாயும். சுண்ணாம்புச் சத்தான கால்சியம் கார்பனேட்டால் ஆன மணல், நீர் புளிக்கும்போது சிறிது கரைந்து அதைத் தாங்கும். அவற்றுள்ளும் அரகோனைட் என்ற வகை, சாதாரணச் சுண்ணாம்புக்கல்லைவிட எளிதில் கரையும். ஆகவேதான் கடல் தொட்டிக்கு அரகோனைட் மணல் என்று கேட்கிறார்கள். இதனால் மட்டும் பி.எச். நிலைத்துவிடும் என்று வாக்குக் கொடுத்து விற்க வேண்டாம். இது துணை மருந்து போலத்தான். நீர் மாற்றுவதும் சோதிப்பதும் வாடிக்கையாளரின் வேலை.

நல்ல நைஸ் அரகோனைட் மணலில் ஒரு வகை பகாமாஸ் தீவுகளின் ஆழமற்ற வெந்நிலக் கடலில் கிடைக்கிறது. சிறு துகளைச் சுற்றிச் சுண்ணாம்பு ஏடு ஏடாகப் படிந்து உருண்டையாக வளர்ந்த மணி அது. பவளத்தை உடைத்து எடுத்தது அல்ல. இந்த வேறுபாடு கீழே வரும் சட்டத்துக்கு முக்கியம்.

சுண்ணாம்பு மணலா என்று அறியக் கடையிலேயே சோதனை உண்டு. ஒரு தேக்கரண்டி மணலில் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புச் சத்து. நுரைக்காவிட்டால் வெண்கச்சங்கல் அல்லது கருங்கல் மணல். இந்தச் சோதனை சுண்ணாம்பு உண்டு என்று மட்டுமே சொல்லும். பவளமா, கிளிஞ்சலா, அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லா என்று சொல்லாது.

அடுத்து, ஒரு காந்தத்தை பிளாஸ்டிக் தாளில் சுற்றி மணலுக்குள் ஓட்டுங்கள். கறுப்பு மணிகள் ஒட்டிக்கொண்டு வந்தால் இரும்புத் தாது கலந்தது. அந்த மூட்டையைத் திருப்பி அனுப்புங்கள்.

வெண்கச்சங்கல் மணல் உருண்டையாக இருந்தால் மீனைக் கெடுக்காது. நீரின் பி.எச்.ஸையும் தாங்காது. விலை குறைவு. மீன் மட்டும் வளர்ப்பவருக்கு, உள்ளதை உள்ளபடி சொல்லி இதை விற்கலாம். உடைத்துத் தயாரித்த வெண்கச்சங்கல் தூள் கூர்மையானது, அது ஆகாது. சாயம் பூசிய கலர் கல்லும் ஆகாது.

நம் பகுதி மணலும் கல்லும்

நம்மவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பாடாலூரைச் சுற்றிக் கல் குவாரியும் கிரஷரும் இருக்கின்றனவே, எம்சாண்ட் போட்டால் என்ன?" போடக் கூடாது. எம்சாண்ட் கருங்கல்லை உடைத்தது. கட்டடத்துக்கு 4.75 மில்லிமீட்டர் வரை மணி இருக்கும்படி சலித்தது. மணிகள் முனையுள்ளவை. சிமெண்டு பிடிக்க அந்த முனைதான் உதவுகிறது. மீனின் தோலுக்கு அதுவே எதிரி. பூச்சு வேலைக்கான பிசாண்ட் நைஸாக இருந்தாலும் அதே முனைதான், அதில் கல் மாவும் உண்டு. எவ்வளவு கழுவினாலும் நீர் கலங்கிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு கேள்வி, "நம் மண்ணே ஒரு காலத்தில் கடல்தானே?" என்பது. உண்மைதான். கிரெட்டேசியஸ் என்னும் காலத்தில், பல கோடி ஆண்டுகளுக்கு முன், அரியலூர், பெரம்பலூர் பகுதி கடலடியில் இருந்தது. காரைப் பக்கத்தில் இன்றும் கடல் உயிர்களின் கல்லான ஓடுகள் கிடைக்கின்றன. பாடாலூருக்கு அருகில் உள்ள ஊட்டத்தூரின் பெயரை அந்தக் காலப் பாறை அடுக்கு ஒன்றுக்கே நிலவியலார் வைத்திருக்கிறார்கள். அரியலூரின் சிமெண்டு ஆலைகள் ஓடுவதும் அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லால்தான். ஆனால் அது சிமெண்டுக்கு ஏற்ற கல். அதில் களிமண்ணும் இரும்பும் கலந்திருக்கும். உடைத்தால் கூர்மையாக இருக்கும். வினிகரில் நுரைக்கிறது என்பதற்காக அதைச் சலித்து "கடல் மணல்" என்று பாக்கெட்டில் கட்டினால் அது கலப்படத்துக்குச் சமம். கல்லான ஓடுகளைப் பொறுக்கி வந்து தொட்டிக்கு அழகு என்று விற்பதும் தகாது. அவை நம் பகுதியின் சொத்து.

கொள்ளிட மணல் கட்டடத்துக்கு நல்லது. ஆனால் ஆற்று மணலுக்கு அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு மூட்டையும் ஏற்றக் கூடாது. அதில் மைக்காவும் வண்டலும் உண்டு. எந்தக் கழிவு கலந்தது என்று யாருக்கும் தெரியாது.

கடற்கரை மணல்

"வேளாங்கண்ணி போகிறோம், வரும்போது இரண்டு சாக்கு மணல் அள்ளி வருகிறோம்" என்பார்கள் சிலர். வேண்டாம் என்று சொல்லுங்கள். கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை 1991 முதல் உண்டு. கரையில் மணல் எடுக்க அனுமதி இல்லை. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், கரை மணலில் எண்ணெய், சாக்கடைக் கழிவு, பிளாஸ்டிக் எல்லாம் கலந்திருக்கும். தென் கடற்கரையில் மணவாளக்குறிச்சி போன்ற இடங்களில் கறுப்பு, சிவப்பு மணல் உண்டு. அது இல்மனைட், கார்னெட் முதலிய கனிமம். அதோடு சேர்ந்த மோனசைட்டில் கதிரியக்கம் உள்ள தோரியம் இருக்கிறது. பார்க்க அழகாக இருக்கிறது என்று எவர் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பவளம் – சிறைக்குக் கொண்டுபோகும் சரக்கு

இந்தப் பாடத்தில் மிக முக்கியமான பகுதி இதுதான். கடல் தொட்டிக்கென்று உடைத்த பவளமும், பவளக் கிளைகளும் கேட்டு வருவார்கள். வெளிநாட்டுப் புத்தகங்களில் அதையே போடச் சொல்லியிருக்கும். நம் நாட்டில் நிலைமை வேறு.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001-இல் பவளங்கள் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. திட்டுக் கட்டும் கல் பவளம், கறுப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் அதில் அடங்கும். புலி இருக்கும் அதே பட்டியல். உயிருள்ளது மட்டுமல்ல, செத்துக் காய்ந்த துண்டும் குற்றப் பொருளே. தண்டனை குறைந்தது மூன்று ஆண்டு, ஏழு ஆண்டு வரை சிறை. 2022-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அபராதமும் குறைந்தது 25,000 ரூபாய். "தெரியாமல் விற்றேன்" என்ற சமாதானம் செல்லாது.

இன்னொன்று. மணலைச் சுத்தம் செய்யக் கடல் அட்டையை விடச் சொல்லியும் அயல்நாட்டுப் புத்தகங்களில் இருக்கும். கடல் அட்டையும், கடல் குதிரையும் அதே 2001 அறிவிப்பில் பாதுகாப்புக்குள் வந்தவை. அந்த ஆர்டரை எடுக்கவே கூடாது.

இந்தச் சட்டம் ஏன் வந்தது என்பதையும் அறிந்தால் மனதில் நிற்கும். தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல் தேசியப் பூங்கா அமைத்தார்கள். அதற்கு முந்தைய காலத்தில் அங்கே பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கார்பைடுக்கும் படகு படகாக ஏற்றினார்கள். பவளத் திட்டு அலையைத் தடுக்கும் மதில். மதிலை இடித்த பிறகு அலை தீவைத் தின்றது. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. மீன் குஞ்சு வளரும் இடம் போனால் மீனவர் பிழைப்பும் போகும். மீனவர் பிழைப்பு போனால் கடலோரத்து மளிகைக் கடையின் பற்று வரவும் போகும். வணிகருக்கு இந்தக் கணக்கு விளங்கும்.

ஆகவே சரக்கு வாங்கும்போது, மூட்டையில் பவளம் என்றோ கோரல் என்றோ அச்சிட்டிருந்தால் இறக்காதீர்கள். "இது வேறு, இது வெளிநாட்டுச் சரக்கு" என்று அனுப்புகிறவர் சொன்னால், இறக்குமதித் தாள்களின் நகலும், இன்ன பொருள் என்ற எழுத்தும் கேளுங்கள். பிறகும் சந்தேகம் இருந்தால் வனத் துறை அலுவலகத்தில் காட்டிக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஒரு மூட்டை லாபத்துக்காகக் கடையைப் பூட்டும் நிலை வரக் கூடாது.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை

மணல் கேட்பவர் உப்பும் கேட்பார். தூத்துக்குடி, வேதாரண்யம் கல்லுப்பு நம் கடையில் சாக்கு சாக்காக இருக்கிறது. அதைக் கரைத்துக் கடல் நீர் ஆக்க முடியாது. உப்பளத்தில் சோடியம் குளோரைடு படிகமாகும்போது மக்னீசியம் உப்புகள் பெரும்பாலும் கைப்பு நீரில் தங்கிவிடுகின்றன. சமையலுக்கு அதுதான் நல்லது. கடல் மீனுக்கோ எல்லாச் சத்தும் சேர்ந்த உப்புக் கலவை வேண்டும். கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. 180 லிட்டர் தொட்டிக்கு ஆறே கால் கிலோ அளவில் வரும். கலவைப் பாக்கெட்டில் எழுதியுள்ள அளவையே பின்பற்றச் சொல்லுங்கள். நம் பக்கம் பல போர்களில் தண்ணீர் கடினம். ஆர்.ஓ. நீரில் கரைப்பதே முறை.

எத்தனை கிலோ? கணக்கு

தொட்டியின் நீளம், அகலம், மணலின் ஆழம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். அதை ஒன்றரையால் பெருக்கினால் உத்தேசமாகக் கிலோ.

90 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம் உள்ள தொட்டிக்கு:
5 சென்டிமீட்டர் ஆழம் என்றால் 20 லிட்டர், 30 கிலோ.
8 சென்டிமீட்டர் ஆழம் என்றால் 32 லிட்டர், 48 கிலோ.
15 சென்டிமீட்டர் ஆழம் என்றால் 61 லிட்டர், 91 கிலோ.

ஜாஃபிஷ் வளர்ப்பவருக்கு 91 கிலோவையும் தலையில் கட்ட வேண்டியதில்லை. தொட்டியின் ஒரு மூலையில் 30-க்கு 30 சென்டிமீட்டர் அளவில் கண்ணாடித் தடுப்பு வைத்து, அந்தப் பகுதிக்கு மட்டும் 15 சென்டிமீட்டர் ஆழமும் மற்ற இடத்துக்கு 5 சென்டிமீட்டரும் போட்டால் 44 கிலோ போதும். மணலும் மிச்சம், கழிவு தேங்கும் இடமும் குறைவு. 47 கிலோ விற்பனை குறைந்ததே என்று எண்ண வேண்டாம். கணக்குப் போட்டுச் சொன்ன கடைக்குத்தான் அவர் தீனிக்கும் உப்புக்கும் மாதந்தோறும் வருவார்.

எடையையும் சொல்லிவிடுங்கள். நீர், மணல், கல், கண்ணாடி எல்லாம் சேர்த்து அந்தத் தொட்டி கால் டன்னைத் தாண்டும். மர அலமாரி மேல் வைக்கக் கூடாது.

வாங்குபவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டியவை

1. மணலை ஐந்து ஐந்து கிலோவாக வாளியில் போட்டு, நீர் தெளியும் வரை கழுவ வேண்டும். சோப்பு படக் கூடாது.

2. பாறைகளை முதலில் கண்ணாடி அடியிலேயே உறுதியாக நிறுத்தி, பிறகு மணல் போட வேண்டும். மணல் மேல் பாறையை வைத்தால் மீன் கீழே தோண்டும். பாறை சரிந்து மீனும் நசுங்கும், கண்ணாடியும் உடையும். இந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் வீண்.

3. அடித்தட்டு ஃபில்டர் உள்ள தொட்டிக்கு நைஸ் மணல் பொருந்தாது. தட்டின் துளை அடைபடும். தோண்டும் மீன் தட்டைத் திறந்தும் விடும்.

4. மணல் போட்ட உடனே மீன் விடக் கூடாது. கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர் மணலில் பெருக மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். அம்மோனியா சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்த பிறகே மீன்.

5. செம்பு கலந்த மருந்தை மணல் உள்ள தொட்டியில் ஊற்றக் கூடாது. சுண்ணாம்பு மணல் செம்பை இழுத்துக்கொள்ளும், இறாலும் செத்துவிடும். நோய் கண்ட மீனைத் தனித் தொட்டியில் வைத்து மருந்து கொடுக்க வேண்டும்.

6. தொட்டிக்கு இடைவெளி இல்லாத மூடி வேண்டும். ராஸும் ஜாஃபிஷும் குதிக்கும்.

பில்லும் பாக்கெட்டும்

மூட்டையாக வாங்கி ஒரு கிலோ, ஐந்து கிலோ என்று நாமே கட்டி விற்றால், சட்ட அளவையியல் பொட்டலப் பொருள் விதிகள் 2011-இன்படி நாம் பொட்டலம் கட்டுபவர் ஆகிறோம். பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, கட்டிய மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை, புகார் தெரிவிக்கத் தொலைபேசி எண் ஆகியவை பாக்கெட்டில் இருக்க வேண்டும். இறக்குமதிச் சரக்கென்றால் எந்த நாடு என்பதும் வேண்டும். ஈர மணலை எடை போட்டு விற்காதீர்கள். அரிசியில் தண்ணீர் தெளிப்பது போன்றது அது. வாங்கிய பில்லையும் பொருள் விவரத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பிடி எடுத்துத் தேதி எழுதிச் சிறு டப்பாவில் மாதிரி வைக்கும் வழக்கம் நல்லது. பருப்புக்கு மாதிரி வைப்பவர்களுக்கு இது புதிதல்ல. பின்னால் குறை சொல்லி வந்தால் டப்பாவைத் திறந்து பேசலாம்.

கல்லாவில் ஒட்டிக்கொள்ள ஐந்து கேள்விகள்

வாங்க வருபவரிடம் கேளுங்கள்: என்ன மீன்? தொட்டி எத்தனை நீளம், எத்தனை அகலம்? பாறை அடியில் நிற்கிறதா, மணல் மேல் நிற்கிறதா? அடித்தட்டு ஃபில்டர் உண்டா? தொட்டி வைத்து எத்தனை வாரம் ஆயிற்று?

இந்த ஐந்துக்கும் பதில் வந்தால் எந்த மணல், எத்தனை கிலோ என்று நீங்களே சொல்லிவிடலாம். பதில் வராவிட்டால் அன்றைக்கு மணல் விற்க வேண்டாம். "அளந்து பார்த்துவிட்டு நாளைக்கு வாருங்கள் தம்பி" என்று அனுப்புங்கள். அளந்துகொண்டு திரும்பி வருபவர் நிலையான வாடிக்கையாளர்.

மேலும் விவரம் வேண்டுவோர் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தையோ, மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தையோ அணுகலாம். கடலின் வண்ண மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்த அனுபவம் இரண்டு இடத்திலும் உண்டு. கடலில் பிடித்த மீனைவிட அப்படி வளர்த்த மீனையே வாங்கும்படி வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்வதும் நல்லது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பழமொழி. மணலின் ஆழத்துக்கும் அது பொருந்தும், சரக்கின் ஆழத்துக்கும் பொருந்தும். அறிந்து வாங்கி, அறிந்து விற்போம்.